கூலியை யார் தீர்மானிப்பது?



உழைத்தவருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் என எச்சரிக்கிறது திருவிவிலியம் (யாக் 5:4). ஆனால் உரிய கூலி எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது?

ஜெர்மனியில் நெடுங்காலம் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு தொழில்துறை முழுமைக்கும் ஊதிய ஒப்பந்தம் செய்தன. 1990-களில் நிலை மாறியது. கூலி குறைந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு உற்பத்தியை மாற்றிவிடுவோம் என்று சொல்லும் வலிமை நிறுவனங்களுக்குக் கிடைத்தது. பல நிறுவனங்கள் ஒப்பந்தங்களைவிட்டு விலகின. அன்று நாட்டின் மேற்குப் பகுதியில் நான்கில் மூன்று தொழிலாளரைக் காத்த ஒப்பந்தங்கள், இன்று ஏறத்தாழப் பாதிப் பேரையே காக்கின்றன. எனவே 2015-இல், மணிக்கு 8.50 யூரோ என நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலியை அரசே சட்டமாக்க நேர்ந்தது.

சுவீடனும் உலகச் சந்தைக்குத் திறந்த நாடுதான். அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை. எனினும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தொழிலாளர் கூட்டு ஒப்பந்தங்களின் கீழ் உள்ளனர். ஆகவே, உலகமயமாதல் வந்தால் தொழிலாளர் குரல் அடங்கியே தீரும் என்பது விதியல்ல.

வறுமையால் தொழிலாளி இசைந்துவிட்டார் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ திருமடலில் திருத்தந்தை 13-ஆம் லியோ கற்பித்தார். தொழிலாளர் சங்கங்களை முன்னைவிட அதிகமாக ஊக்குவிக்க வேண்டும் என 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் வலியுறுத்தினார்.

நம் வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்குச் சங்கமும் இல்லை, மேசையும் இல்லை. அவருடைய கூலியை நாம் மட்டுமே முடிவு செய்கிறோமா? இந்த வாரம் அவரை அமரச் செய்து, அவர் குடும்பம் வாழ எவ்வளவு தேவை என்று கேட்போம். நீதி அங்கே தொடங்கட்டும்.