மலைச் சிற்றூரும் பழைய ஏடுகளும்

குண்டலுபேட்டையிலிருந்து தெற்கே செல்லும் சாலை பந்திப்பூர்க் காட்டைக் கடந்து நீலகிரியை அடைகின்றது. அம்மலைமீது ராகியும் சாமையும் பயிரிட்டு வாழ்ந்த படகர்களின் சிற்றூர் ‘ஹட்டி’ எனப்படும். படகர் என்பதற்கு வடக்கர் என்பது பொருள். தம் முன்னோர் மைசூர்ச் சமவெளியினின்று மலையேறினர் என்பது அவர்தம் மரபுரை. ஏறிய காலம் எது என்பதே வினா.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றபின் என்பர் சிலர். 1603-இல் மலபாரிலிருந்து அங்குச் சென்ற பினிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார், தம் கடிதத்தில் படகரைக் குறிப்பிட்டுள்ளார். ரிவர்ஸ் என்பார் 1906-இல் தோடரைப் பற்றி வெளியிட்ட நூலில் அதன் மொழிபெயர்ப்பு உள்ளது. எனவே அவ்வாண்டிற்கு முன்பே படகர் அங்கிருந்தனர் என்பது உறுதி. எத்துணை ஆண்டுகள் முன்பு என்பதனை அக்கடிதத்தைக் கொண்டு கூறுதல் இயலாது.

தீர்வைக் கணக்குகளைப் படிப்பதில் இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் படகர்கள் பட்டாவிற் கண்ட அளவுக்கே தீர்வை செலுத்தி, அதனினும் பன்மடங்கு பரப்பில் ஆண்டுதோறும் இடம் மாற்றிப் பயிரிட்டனர். எஞ்சிய நிலம் ஆறக் கிடந்தது. 1860-களில் அரசு இம்முறையை நீக்கத் தலைப்பட்டது. ஆகவே பழைய பட்டாவின் ஏக்கர்க் கணக்கை அவ்வூரின் முழு நிலம் எனக் கொள்வது பிழை. ஆறக் கிடந்த நிலத்தைத் தரிசெனக் கொள்வது அதனினும் பெரும் பிழை, அந்நிலத்தின்மேல் ஊராருக்கிருந்த உரிமையே அதனால் மறைந்துபோகும்.

மரபுரையிற் கேட்ட சமவெளி ஊர்ப் பெயர்களை ஒப்பிட விரும்பும் ஆசிரியர்கள், ரைஸ் 1898-இல் வெளியிட்ட மைசூர்க் கல்வெட்டுத் தொகுதியின் நான்காம் பாகத்தைக் காண்க. குண்டலுபேட்டைத் தாலுகாவின் கல்வெட்டுகள் அதில் உள்ளன.