நாற்பதை வென்ற நான்கு

கண்ணுக்கு வெளியே 40 மில்லிகிராம், உள்ளே 4 மில்லிகிராம். மருந்து ஒன்றுதான்: ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு. யுவைட்டிஸ் எனப்படும் உட்கண் அழற்சியால் விழித்திரையின் மையமான மேக்குலாவில் நீர் கோத்துக்கொண்ட 192 பேரிடம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த ‘பாயின்ட்’ ஆய்வு 2019இல் வெளியானது. எட்டு வாரத்தில், கண்ணை ஒட்டி ஊசி போட்டவர்களுக்கு மேக்குலாவின் தடிமன் 23 சதவீதம் குறைந்தது. உள்ளே போட்டவர்களுக்கு 39 சதவீதம். 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொண்ட, தானே கரையும் சிறு குச்சியை உள்ளே வைத்தவர்களுக்கு 46.

பத்தில் ஒரு பங்கு மருந்து ஜெயித்ததற்குக் காரணம் இடம். சொட்டு மருந்து கண்ணின் முன்பகுதியைத் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை. மாத்திரை ரத்தத்தில் கலந்தாலும், விழித்திரை ரத்தக் குழாய்களின் இறுக்கமான சுவர் அதை எளிதில் விடாது. அதற்குள் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஊசி இந்தக் காவலையெல்லாம் தாண்டிவிடுகிறது. கண்ணை மரக்கச் செய்து, போவிடோன் அயோடினால் கழுவி, கருவிழி விளிம்பிலிருந்து 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் தள்ளிக் குத்துவார்கள். முன்னே நகர்ந்தால் லென்ஸ், பின்னே நகர்ந்தால் விழித்திரை. உள்ளே போவது 0.1 மில்லிலிட்டர். சில நாள் கண்முன்னே பூச்சி பறக்கிற மாதிரி தெரியும், மருந்துத் துகள்கள்தான்.

இதற்கு விலை உண்டு. கண்புரை வரலாம், கண் அழுத்தம் ஏறலாம். புரையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். அழுத்தத்தால் பார்வை நரம்பு செத்தால் மீளாது. வலியும் பெரும்பாலும் இருக்காது என்பதால், ஊசிக்குப் பின் அழுத்தம் பார்க்க வரச் சொன்னால் தட்டக் கூடாது. பாயின்ட் ஆய்விலும் அழுத்தம் கூடுதலாக ஏறியது உள்ளே மருந்து போனவர்களுக்குத்தான்.

ஊசிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அழற்சிக்குப் பின்னால் கிருமி இருக்கிறதா? 1993 இறுதியின் வெள்ளத்தை அடுத்து, 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைட்டிஸ் நோயாளிகள் திரளாக வந்தார்கள். காரணம் எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரா. அந்த வகை ஸ்டீராய்டுக்கு நன்றாகவே அடங்கும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி அப்படியில்லை, அதற்கு மருந்து கொடுக்காமல் ஸ்டீராய்டை மட்டும் கண்ணுக்குள் செலுத்தினால் அது விழித்திரையை அரித்துத் தள்ளிவிடும். காசநோயிலும் ஸ்டீராய்டை மட்டும் நம்ப முடியாது. ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே என்று மருத்துவர் நாள் கடத்துவதாகத் தோன்றுவது இதற்காகத்தான்.

மருந்து வைக்க வேறோர் இடமும் உண்டு. கண்ணின் வெள்ளைச் சுவருக்கும் அதனடியில் உள்ள ரத்தக்குழாய்ப் படலத்துக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீள ஊசியால் மருந்தைப் பரப்பும் முறைக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அந்த முறையிலும் மருந்து அதே பழைய ட்ரையாம்சினலோன்.

ஆனால் கண்ணுக்குள் வைப்பதே எப்போதும் மேல் என்று சொல்லிவிட முடியாது; ‘மஸ்ட்’ என்ற இன்னொரு ஆய்வு வேறு கதை சொல்கிறது. அதில் ஒரு சாராருக்குக் கண்ணுக்குள் ஃப்ளூசினலோன் என்னும் ஸ்டீராய்டை மெல்ல வெளிவிடும் பதியம். மறு சாராருக்கு உடல் முழுமைக்குமான மாத்திரைகள். இரண்டாண்டு முடிவில் பார்வையில் பெரிய வித்தியாசமில்லை. ஏழாண்டு முடிவில் மாத்திரைக்காரர்கள் பார்வைப் பலகையில் சுமார் 7 எழுத்துகள் முன்னால் இருந்தார்கள். பதியத்தில் மருந்து தீர்ந்த கண்களில், அழற்சி மறுபடி தலைதூக்கியிருந்தது.