கடைமடை ஷட்டரும் எபாக்சிப் பூச்சும்

காவிரியின் கிளையாறுகள் நாகப்பட்டினம் கடற்கரையை நெருங்கும் கடைமடையில், உப்புநீர் மேலேறி வயல்களைக் கெடுக்காமல் காப்பவை இயக்கு அணைகளின் இரும்பு ஷட்டர்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் இரும்பு மாறிமாறி நனைந்து காய்வதால் துரு வேகமாக அரிக்கிறது. மணல் கலந்த நீர் அடிப்பகுதியைத் தேய்க்கிறது. இதற்குத்தான் எபாக்சி போன்ற பாலிமர் பூச்சுகள். ஆனால் விலை உயர்ந்த பூச்சைக் கனமாக அடித்துவிட்டால் போதும் என்று நினைப்பது சரியல்ல. பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது, அதை அடிக்கும் முன் இரும்பைச் சுத்தம் செய்த விதம்தான்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. சாதாரண வண்ணப்பூச்சுப் படலத்தின் வழியே ஊடுருவும் நீரும் ஆக்சிஜனுமே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கப் போதுமானவை என்று கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி மேய்ன் 1950-களை ஒட்டிக் காட்டினார். அப்படியும் இரும்பு தப்புவது ஏன்? துரு ஒரு மின்வேதி நிகழ்வு. அதற்கு அயனிகள் நடமாட வேண்டும். அந்த நடமாட்டத்தைப் படலம் தடுக்கிறது. பூச்சுக்கு அடியில் உப்பு தங்கிவிட்டால், அது வெளியிலிருந்து நீரை இழுத்துக் கொப்புளமாக்கும், பிடிப்பு விட்டுப்போகும். ஆகவே நல்ல நீரில் உப்பைக் கழுவி, சாண்ட் பிளாஸ்டிங் செய்து, சொரசொரப்பான வெறும் இரும்பில் துத்தநாக பிரைமரும் அதன்மேல் எபாக்சியும் அடிக்க வேண்டும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். எபாக்சி வெயிலில் வெளுத்து மாவாக உதிருமென்பதால் மேலே பாலியூரித்தேன் தேவை. 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் பாலியூரித்தேனுக்குப் பதில் பாலிசிலாக்சேன் மேற்பூச்சு அடித்திருக்கிறார்கள்.

பூச்சு தரமானதாக இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் புளோரிடா தீவுப் பாலங்களில் கான்கிரீட்டுக்குள் எபாக்சி பூசிய இரும்புக் கம்பிகளைத்தான் போட்டார்கள்; கட்டிய சில ஆண்டுகளிலேயே, 1986-ல், அரிப்பு வெளிப்பட்டது. பூச்சில் விழுந்த சேதமும் வெப்பமான கடல்நீரில் பிடிப்பு தளர்ந்ததும் முக்கியக் காரணங்கள். நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பிகளுக்கு உருவாக்கிய சிமெண்ட்-பாலிமர் பூச்சு வேறு வழியில் போகிறது: சிமெண்ட்டின் காரத்தன்மையே இரும்பைக் காக்கிறது.

பாசனம் நடக்கும்போது ஷட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்பது நியாயமான கேள்வி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. இடையில் கோடை முழுவதும் கையில் இருக்கிறது. பொதுப்பணி ஒப்பந்தங்களில் பூச்சின் பெயரோடும் கனத்தோடும், முதல் கை அடிக்கும் முன் இரும்பின் மேல் எஞ்சிய உப்பை அளந்து பதிவுசெய்யும் நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.