கோடையைத் தாண்டும் கொடிகள்

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையத்தில் எங்கு திரும்பினாலும் வேப்பிலைதான். பவானி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் அதையே ஆடையாகக் கட்டிக் கோயிலை வலம் வருவார்கள். வீடு திரும்பும்போது நர்சரியில் பூத்துக் குலுங்கும் தொட்டிச்செடி ஒன்றையும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அடுத்த சித்திரையில் மிஞ்சுவது பெரும்பாலும் தொட்டிதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கணவனும் மனைவியும் ஷிப்டு போகிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. இரண்டு வேளை தண்ணீர் கேட்கும் செடி அவர்களுக்குச் சரிப்படாது. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது முல்லையை.

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் எங்கள் வீட்டுப் பந்தல் முறிந்து முல்லைக்கொடி முழுவதும் சேற்றில் கிடந்தது. வேறு வழியில்லாமல் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாவற்றையும் வெட்டினேன். தை முடிவதற்குள் மொட்டைத் தண்டின் கணுக்களில் ஊசிமுனை அளவுக்குத் துளிர்கள். அந்தக் கோடையில் அது பூத்ததுபோல் முன்பு பூத்ததில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஜனவரிக் கடைசியில் முல்லையை அதே உயரத்தில்தான் கவாத்து செய்யச் சொல்கிறது.

வாசல் வளைவுக்கு ரங்கூன் மல்லி வையுங்கள். அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, பிறகு சிவக்கும். மூன்று நிறமும் ஒரே கொத்தில் தொங்கும். வேலிக்குச் சங்குப்பூ போதும், விதை உதிர்ந்து தானே முளைக்கும். மாநில மலரான செங்காந்தள் கோடையில் காய்ந்து மறைந்து, மழைக்குக் கிழங்கிலிருந்து எழும். ஆனால் அந்தக் கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

தரையில் படர விட மஞ்சள் பூ வெடலியாவைத்தான் பலரும் கேட்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் உள்ள செடி அது. வெட்டி எறிந்த துண்டு ஆரணியாற்றங்கரையில் விழுந்தால் அங்கேயே கணுவில் வேர்விட்டுப் படரும். அதற்குப் பதில் நம் பொடுதலையைப் படர விடுங்கள், மிதித்தாலும் சாகாது. அதன் குட்டிப் பூக்களைத் தேடிப் பட்டாம்பூச்சிகள் வரும்.

முல்லைக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டு, ஒரு கொடியை வளைத்து, கணுவுக்கடியில் லேசாகச் சீவி, அரையடி ஆழத்தில் மண் மூடிப் பதியம் போடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். இந்த ஆடியிலேயே போட்டுவிடுங்கள்.