உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஊர்த் தமிழ், வெளியூர் வாய்

● குண்டடம், பல்லடம் பக்கத்து நூல் மில்களிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம்காரர்கள் பலர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல. டீக்கடைக்காரர், மளிகைக்கடை அம்மணி, சூப்பர்வைசரின் அதட்டல், இவைதான் வாத்தியார். அதனால் அவர்கள் வாயில் வருவது சுத்தமான கொங்குத் தமிழ். “ஏனுங்க, சம்பளம் சனிக்கிழமை வந்துருமுங்களா?” என்று கேட்பவரின் முகத்தைப் பார்க்காவிட்டால் தாராபுரத்துக்காரர் என்றே நினைப்போம்.

● திருப்பூர் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேருபவர் பெரும்பாலும் முதலில் ‘கைமடி’. டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்கும் வேலை. கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் சீக்கிரம் பிடிபடும். ‘ஒன்றரை ஷிப்ட்’ கணக்குதான் கொஞ்சம் நாளாகும். கைமடி டெய்லராவதற்குள் தமிழும் ஓரளவு வந்துவிடுகிறது.

● வெள்ளைக்காரர் ஒருவர் மேடையேறி “வணக்கம்” என்றாலே கைதட்டல் கூரையைப் பிளக்கும். பீகார் இளைஞர் தமிழில் பேரம் பேசி, கிண்டலுக்குப் பதில் கிண்டலும் அடித்தால், “எத்தனை வருசமா இங்க இருக்கே?” என்ற கேள்வியோடு சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் நம்மை ‘வாங்க, போங்க’ என்கிறார். நாம் அவரை ‘வா, போ’ என்கிறோம். மரியாதைக்குப் பேர்போன கொங்கு நாட்டில் இது கொஞ்சம் உறுத்தலான விஷயம்தான். ஒடியா பேசுபவரையும் வங்காளம் பேசுபவரையும் சேர்த்து ‘இந்திக்காரன்’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடுவது தனிக்கதை.

● ஹாங்காங்கிலும் கிட்டத்தட்ட இதே கூத்து. அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் ஆறு தொனிகள். தொனி தவறினால் பொருளே மாறிவிடும். ஆஸ்திரேலியாவில் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 1987-இல் ஹாங்காங் வந்த கிரெகரி ரிவர்ஸ், சினிமாப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே அந்த மொழியைப் பழகி, தொலைக்காட்சித் தொடர்களில் ஊரறிந்த நடிகரானார். 2024-இல் அவர் இறந்தபோது நகரமே வருந்தியது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த விவேக் மஹ்புபானி, கான்டனீஸில் நகைச்சுவை மேடை நிகழ்ச்சி நடத்துகிறவர். இந்திய முகத்திலிருந்து அந்த மொழி வருவதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் திகைப்பதையே அவர் சிரிப்புக்குப் பொருளாக்கிக்கொண்டார்.

● 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார்.

● வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியும் சதுரகராதியும் நினைவுக்கு வரும். இந்த இத்தாலியர் பேச்சுத் தமிழுக்கென்றே தனியாக ஓர் இலக்கணம் எழுதியதைப் பலர் அறியார். செந்தமிழை மட்டும் படித்துவிட்டுச் சந்தைக்குப் போனால் ஒன்றும் விளங்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. லத்தீனில் எழுதிய அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது. அச்சிட்டது யார்? அவரோடு மதப் பூசலில் இருந்த தரங்கம்பாடிப் புராட்டஸ்டன்ட் மிஷனின் அச்சகம்!

● மதபோதகர் கால்டுவெல் 1841-இல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போனார். நேர்வழியில் அல்ல, நீலகிரி, கோயம்புத்தூர் என்று சுற்றிக்கொண்டு. ஊருக்கு ஊர் மக்களின் பேச்சைக் காதால் கேட்டுப் பழக அதைவிட நல்ல வழி ஏது?

● சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியது. அதில் பணியாற்றிய சீனர்கள் கலையரசி, கலைமகள் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய மணிமணியான உச்சரிப்பைக் கேட்டு நேயர் மன்றம் அமைத்துக் கடிதம் எழுதித் தள்ளிய ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தமிழ் பேசும் அயலாருக்கு நாம் காட்டும் உற்சாகத்துக்குக் குறைவே இல்லை; ஆள் பார்த்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

● திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் வாங்க வரும் நைஜீரிய வியாபாரிகளுக்கு ‘எவ்வளவு’, ‘வேண்டாம்’, ‘கொறச்சுக்கோ’ தெரிந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் அந்தச் சிரமமும் இல்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் இடத்தில் எந்த மொழிக்காரரும் தரகராகலாம்.

● வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் இன்று நம் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழில் தொண்ணூறைத் தாண்டியவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் ரேஷன் கடையில் அப்பாவுக்கும் மொழிபெயர்ப்பது இந்தப் பிள்ளைகள்தான். வீட்டுக்காரரிடம், “அட்வான்ஸ் கொஞ்சம் கொறச்சுக்கங்க மாமா” என்று கேட்பதும் அவர்களே. உறவுமுறை சொல்லிக் கேட்டால் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார் என்பது வரை கற்றுக்கொண்டாயிற்று.