மேக்கா, விண்டோஸா? முதல்ல ஸ்க்ரீனைப் பாருங்க

செமஸ்டர் லீவு முடிஞ்சு வந்ததிலிருந்து ஃபோட்டோகிராஃபி கிளப் ஜூனியர்ஸ் ஆளாளுக்குக் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். “அண்ணா, எடிட்டிங்குக்கு மேக் வாங்கட்டுமா, விண்டோஸ் லேப்டாப்பே போதுமா?” ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியா டைப் பண்ணி விரல் வலிக்குது. அதனால மொத்தமா இங்கேயே எழுதிடறேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம்; தமிழில் இவ்வளவு நீளமா எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பதிலுக்கு முன்னாடி நான் சொதப்பின கதையைச் சொல்லிடறேன். செகண்ட் இயர் படிக்கும்போது பெரியம்மா பொண்ணுக்குக் கல்யாணம். “நம்ம அக்கா கல்யாணத்துக்கு வெளி ஆள் எதுக்கு?”ன்னு வீறாப்பா சொல்லி, ஷூட்டிங், எடிட்டிங், ஆல்பம் டிசைன் மூணையும் நானே எடுத்துக்கிட்டேன். என் லேப்டாப் காலேஜ் சேரும்போது கோடிங்குக்காக வாங்கினது. அக்காவோட முகூர்த்தப் புடவை நல்ல அரக்குச் சிவப்பு. என் ஸ்க்ரீன்ல அது நாலு தடவை துவைச்ச மாதிரி வெளுத்துத் தெரிந்தது. சாச்சுரேஷனை ஏத்தினேன். பத்தல, இன்னும் ஏத்தினேன். ஹாஸ்டல் ரூம்ல லைட்டை அணைச்சிட்டு, பிரைட்னஸை முழுசா வெச்சு ராத்திரி வேலை. படமெல்லாம் ரொம்பப் பளிச்சுன்னு இருக்கேன்னு எக்ஸ்போஷரையும் கொஞ்சம் குறைச்சேன்.

ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தது. முதல் பக்கத்தைத் திறந்த பெரியம்மா, “ஏன்டா, பொண்ணு முகம் வெயில்ல வாட்டி எடுத்த மாதிரி இருக்கு?”ன்னாங்க. முகமெல்லாம் ஆரஞ்சு. புடவை, ஜரிகையே தெரியாத ஒரு சிவப்புத் திட்டு. ரிசப்ஷன் படங்களில் மாமாவோட கோட் எது, பின்னாடி இருக்கிற திரை எதுன்னே பிரிக்க முடியல. அக்கா மட்டும் “பரவால்லடா”ன்னு சொல்லி மூடி வெச்சிட்டாங்க. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

பிரிண்ட் போட்ட லேப் மேல தப்பில்லை. நான் அனுப்பின ஃபைலைத்தான் அவங்க அச்சடிச்சாங்க. ஃபைலில் சிவப்பு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதைக் காட்ட என் ஸ்க்ரீனால் முடியவில்லை. ஸ்க்ரீனின் குறையை ஃபோட்டோவின் குறைன்னு நெனச்சு, நல்லா இருந்த ஃபோட்டோவை நான் ‘திருத்தி’ வெச்சிருக்கேன்.

இது ஏன் நடக்குதுன்னு பார்ப்போம். ஒரு ஸ்க்ரீனால் காட்டக்கூடிய நிறங்களின் எல்லையை கேமட் என்கிறார்கள். எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1996-ல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற எல்லைதான் இன்றைக்கும் வெப்சைட்டுக்கும், நம்ம ஊர் பிரிண்ட் லேப்களில் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான அளவு. விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலில், மூலையில் சின்னதா “45% என்டிஎஸ்சி”ன்னு போட்டிருப்பாங்க. என்டிஎஸ்சி என்பது 1953-ல் வந்த அமெரிக்கக் கலர் டிவியின் அளவுகோல். எஸ்ஆர்ஜிபி முழுவதுமே அதில் சுமார் 72%தான். 45-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்க: 0.625. அதாவது நீங்க எடிட் பண்ணும் நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உங்க கண்ணுக்கே வராது. அதிலும் முதலில் அடிபடுவது அழுத்தமான சிவப்பும் பச்சையும். பட்டுப்புடவையும் வாழை இலையும் இல்லாத கல்யாணம் ஏது?

பிரைட்னஸ் கதை தனி. பிரிண்டுக்காக எடிட் செய்யும்போது ஸ்க்ரீன் வெளிச்சம் 80 முதல் 120 நிட்ஸ் வரை இருக்கணும்பாங்க. சாதாரண லேப்டாப்பை முழு பிரைட்னஸில் வைத்தால் 250-ஐத் தொடும். இருட்டு ரூம்ல அதைப் பார்த்து எடிட் பண்ணினா பேப்பர்ல படம் இருட்டாத்தான் வரும். பேப்பருக்கு உள்ள பல்பு கிடையாது இல்லையா?

ஆக, கடையில் முதலில் கேட்க வேண்டியது “100% எஸ்ஆர்ஜிபி, ஐபிஎஸ் பேனலா?” என்பதைத்தான். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதுக்கு அப்புறம்.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம். “ஃபோட்டோன்னா மேக்தான்” என்ற பேர் சும்மா வரல. 1990 பிப்ரவரியில் வெளியான ஃபோட்டோஷாப் 1.0 மேக்கில் மட்டும்தான் ஓடும், விண்டோஸுக்கு 2.5 வெர்ஷனில்தான் வந்தது. இன்றைக்கு ஃபோட்டோஷாப், லைட்ரூம் இரண்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. ஆனாலும் மேக்கில் உண்மையான வசதி ஒன்று உண்டு. கலர்சிங்க் என்ற அமைப்பு 1993-லிருந்தே சிஸ்டத்துக்குள் இருக்கிறது. எந்த ஆப்பில் திறந்தாலும் நிறம் அநேகமாக ஒரே மாதிரி தெரியும். விண்டோஸில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த ஆப் தலையில். ஃபோட்டோஷாப் ஒழுங்காகச் செய்துவிடும். ஆனா அதே படத்தை வேற ஒரு வியூவர்ல திறந்தா, எல்லை பெரிதான ஸ்க்ரீன்களில் அடிக்கிற கலர்ல நிக்கும். என் ரூம்மேட் இதைப் பார்த்துட்டு ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுன்னு ஒரு நாள் முழுக்கப் புலம்பினான். இன்னொன்று, 2020 நவம்பரில் வந்த எம்1 சிப்பிலிருந்து, விலை குறைந்த மேக்புக் ஏரில் கூட எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிய பி3 ஸ்க்ரீன் வருகிறது. பாக்ஸைப் பிரிச்ச உடனே நம்பலாம். நீங்க கொடுக்கிற காசுல பாதி இந்த நிம்மதிக்குத்தான்னு நான் சொல்வேன்.

மீதிப் பாதியில் எனக்கு வருத்தம் உண்டு. ரேம். ஒரு 24 மெகாபிக்ஸல் படம் 6000 × 4000. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் மூணு நிறம், 16 பிட் என்றால் நிறத்துக்கு 2 பைட். பெருக்கினால் ஒரு லேயருக்கே 144 எம்பி. பத்து லேயர் போட்டால் ஒன்றரை ஜிபியை நெருங்கிடும். ஹிஸ்டரிக்கும், பக்கத்துல திறந்திருக்கிற குரோமுக்கும் தனிக்கணக்கு. 8 ஜிபி திணறும், 16 வேணும். மேக்புக்கில் ரேமை வாங்கும்போதே முடிவு பண்ணிடணும், அப்புறம் கூட்ட வழியே இல்லை. பல விண்டோஸ் லேப்டாப்களில் காசு சேர்ந்த பிறகு இன்னொரு ஸ்லாட்டில் போட்டுக்கலாம். மெலிசான மாடல்களில் அங்கேயும் போர்டோடு பத்த வெச்சிருப்பாங்க, விசாரிச்சிட்டு வாங்குங்க.

அடுத்து, யாரோட வேலை செய்யப் போறீங்க? எங்க ஊர் ஸ்டூடியோ அண்ணன் ஒருத்தர் 2002-ல் வந்த ஃபோட்டோஷாப் 7.0-வைத்தான் இன்னும் ஓட்டுகிறார். அவரோட ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேருக்கு யூஎஸ்பி டாங்கிள் வேணும், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்த ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்கா உட்காராது. ‘கொ’ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும். அதனால மணமக்கள் பேரெல்லாம் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில்தான். 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேடலீனாவிலிருந்து 32 பிட் சாஃப்ட்வேரே ஓடாது என்பதால், லீவுல அவர்கிட்ட வேலைக்குப் போற ஆள் புது மேக்கைத் தூக்கிட்டுப் போனா டீ வாங்கத்தான் அனுப்புவார். இந்த மாதிரி இடத்தில் விண்டோஸ்தான், யோசிக்கவே வேண்டாம்.

லினக்ஸை விட்டா நம்ம டிபார்ட்மென்ட்ல அடிக்க வருவாங்க. என் ப்ராஜெக்ட் லேப்டாப்பில் உபுண்டுதான். ரா ஃபைலுக்கு டார்க்டேபிள், மற்றதுக்கு கிம்ப், ரெண்டும் இலவசம். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-ல், போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றவும் எடுக்கவும் முடிகிறது. தமிழ் எழுத்தும் உடையாமல் வருகிறது. சிம்போசியம் போஸ்டருக்கும் சொந்தப் படங்களுக்கும் தாராளமா போதும். ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் நேரடியாக ஓடாது என்பதால், பிஎஸ்டி ஃபைல் அனுப்புகிற கிளையண்ட் இருந்தா கஷ்டம்.

நான் என்ன பண்ணினேன்? மேக் வாங்கல. கேம்பஸ்ல ரெண்டு ஈவென்ட் ஷூட் பண்ணின காசில், அதே பழைய விண்டோஸ் லேப்டாப்புக்கு 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்கினேன், 100% எஸ்ஆர்ஜிபி. பிறகு நாலு பேர் சேர்ந்து ஒரு காலிபரேட்டர். ஸ்க்ரீன் மேல தொங்க விட்டா அது நிறத்தை அளந்து ஒரு ப்ரொஃபைல் எழுதிக் கொடுக்கும். ஆனா 45% ஸ்க்ரீனை அதனால் 100% ஆக்க முடியாது. காட்டுகிற நிறத்தைச் சரியாகக் காட்ட வைக்கும், அவ்வளவுதான். அக்காவோட வளைகாப்பு ஆல்பத்தை இந்த மானிட்டர்லதான் பண்ணினேன். அதுக்கும் முன்னாடி, ஒரு வெளிச்சமான படம், ஒரு இருட்டுப் படம், ஒரு புடவை குளோஸ்அப் மூணையும் அதே லேப்ல 4 × 6 சைஸில் பிரிண்ட் போட்டு, மானிட்டர் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். பெரியம்மா இந்தத் தடவை வளையலை எண்ணிக்கிட்டு இருந்தாங்க, முகத்தைப் பத்திப் பேச்சே இல்லை.

கடைக்குப் போகும்போது அந்த மாதிரி மூணு படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கிட்டுப் போங்க. டிஸ்ப்ளேக்கு வெச்சிருக்கிற லேப்டாப் ரெண்டு மூணில் அதே படத்தைப் பக்கத்துப் பக்கத்துல திறந்து பாருங்க. தலையைச் சாய்ச்சும் பாருங்க. சேல்ஸ் அண்ணன் ப்ராசஸர் பேரையே சொல்லிட்டிருப்பார், அவர் சொல்லட்டும்.

கல்யாண ரா ஃபைல்கள் எல்லாம் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் பத்திரமா இருக்கு. பிளேஸ்மென்ட் ஆகி முதல் சம்பளம் வந்ததும் முழு ஆல்பத்தையும் மறுபடி எடிட் பண்ணி பிரிண்ட் போடப் போறேன். அக்காகிட்ட இன்னும் சொல்லல. காலிபரேட்டர் வேணும்னா சாயங்காலம் கிளப் ரூமுக்கு வாங்க, ஒரு நாளைக்குத் தர்றேன். மறுநாள் திரும்பி வந்தாகணும், நாலு பேர் காசு அது.