தாமே சொன்னவையும் சொல்ல வைத்தவையும்

புது தில்லி: மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய விவரங்களை மக்களவைச் செயலகத்துக்கு அளிப்பது வழக்கம். பிறந்த நாள், பெற்றோர் பெயர், திருமண நாள், கல்வி, தொழில், வகித்த பதவிகள், சென்று வந்த நாடுகள் என நீளும் அந்தக் குறிப்பின் பிற்பகுதியில், பொழுதுபோக்கு, தனி ஆர்வம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு.

அரசியலைக் கூர்ந்து கவனிப்பவர்கள்கூட எளிதில் கடந்து போகும் பகுதி அது. வாசிப்பு, இசை கேட்பது, தோட்டம் வளர்ப்பது, பயணம், கிரிக்கெட் ஆகியவை அதில் திரும்பத் திரும்ப வரும். மக்கள் குறை கேட்பதும் சமூக சேவையுமே தமது பொழுதுபோக்கு என்று எழுதியவர்கள் உண்டு. ஒன்றும் எழுதாமல் விட்டவர்களும் உண்டு. எழுதாவிட்டால் பதவிக்கு ஆபத்தில்லை. மிகைப்படுத்தி எழுதினாலும் வழக்கு வரப் போவதில்லை.

இத்தனை எளிய குறிப்பால் வாக்காளருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால், அதிகாரத்தில் இருப்பவரின் தனிப்பட்ட ஆர்வம் அவரது வீட்டுத் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்திய அரசியலிலேயே சான்றுகள் இருக்கின்றன.

பறவைகளும் பரத்பூரும்

அவற்றில் முதன்மையானது இந்திரா காந்தியின் பறவை ஆர்வம். பறவையியல் அறிஞர் சலீம் அலி எழுதி 1941-ல் வெளியான இந்தியப் பறவைகள் பற்றிய நூலை, டேராடூன் சிறையில் இருந்த ஜவாஹர்லால் நேரு தம் மகளுக்கு அனுப்பிவைத்தார். அந்த நூல்தான் பறவைகளின் உலகைத் தமக்குத் திறந்து காட்டியது என்று இந்திரா பின்னாளில் குறிப்பிட்டார். 1950-ல் தொடங்கப்பட்ட தில்லி பறவை நோக்கர் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

பிரதமரான பிறகு அந்த ஆர்வம் அரசின் கொள்கையிலும் வெளிப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லும், புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-லும் நடைமுறைக்கு வந்தன. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்ட நீர்மின் திட்டம் 1983-ல் கைவிடப்பட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் பறவைகள் சரணாலயம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு கால்நடைகளை மேய்க்கத் தடை விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எருமைகளை மேய்த்து வந்த சுற்றுப்புறக் கிராம மக்கள் அதை எதிர்த்தனர். 1982 நவம்பரில் போலீஸார் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் கிராமத்தினர் பலர் உயிரிழந்தனர்.

சலீம் அலியோடு நெடுங்காலத் தொடர்பு கொண்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பின்னர் அங்கு ஆய்வு நடத்தியது. எருமைகள் மேயாததால் நீர்நிலைகளில் புல் மண்டி, பறவைகளுக்கே அது இடையூறாகிவிட்டது என்று அந்த ஆய்வு தெரிவித்தது. பறவைகளைக் காக்க விதிக்கப்பட்ட தடை மனிதர்களுக்கும் உதவவில்லை. பறவைகளுக்கும் முழுமையாக உதவவில்லை. ஆட்சியாளர் ஒன்றை நேசிப்பது நாட்டுக்கு நன்மை தரலாம். அந்த நேசத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வானொலி, கவிதை, நாள்குறிப்பு

இந்திராவின் மகன் ராஜீவ் காந்தி விமானம் ஓட்டியவர் என்பது ஊரறிந்த செய்தி. அவர் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி இயக்குநர் என்பது பலருக்குத் தெரியாது. "வி.யு.2 ஆர்.ஜி." என்பது அவரது அழைப்புக் குறி. இத்தகைய வானொலிக் கருவிகளுக்கான இறக்குமதித் தீர்வை 1984-ல் விலக்கப்பட்டது. அதன் பின்னர் நாட்டில் அமெச்சூர் வானொலி இயக்குநர்களின் எண்ணிக்கை கூடியது.

பி.வி. நரசிம்ம ராவ், விஸ்வநாத சத்யநாராயணாவின் "வேயிபடகலு" என்ற பெரும் தெலுங்கு நாவலை ஹிந்தியில் மொழிபெயர்த்தவர். அறுபது வயதைக் கடந்த பிறகு கணினி நிரல் எழுதவும் கற்றுக்கொண்டார். வி.பி. சிங் பதவியை இழந்த பிறகு, சிறுநீரக நோயோடு போராடிய ஆண்டுகளில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் 2008-ல் காலமானார்.

வாஜ்பாயின் கவிதைகள் நூலாகவும் இசைத் தொகுப்பாகவும் வெளிவந்தன. அதிகம் பேசாதவர் என்று பெயர் பெற்ற மன்மோகன் சிங் உருதுக் கவிதையில் தோய்ந்தவர். 2011 மார்ச்சில் மக்களவையில் நடந்த சூடான விவாதத்தில், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் உருதுக் கவிதை அடிகளைக் கூறி அவரைச் சாடினார். மன்மோகன் சிங்கும் கவிதையாலேயே பதில் கொடுத்தார். அவையின் இறுக்கம் சிறிது நேரம் தளர்ந்தது.

பிரணாப் முகர்ஜியின் பழக்கமோ நாள்குறிப்பு எழுதுவது. அவரது மறைவுக்குப் பிறகு, 2023-ல் அவருடைய மகள் அந்த நாள்குறிப்புகளைக் கொண்டு நூல் எழுதினார். தந்தை தம் கட்சித் தலைமையைப் பற்றி வெளியில் சொல்லாமல் வைத்திருந்த கருத்துகள் அதில் வெளிவந்து சர்ச்சையாயின.

எழுத மறுத்தவை

பொழுதுபோக்கைப் பற்றித் தயக்கமின்றி எழுதும் அரசியல் உலகம், வேறு சில விவரங்களை எழுதச் சொன்னபோது என்ன செய்தது என்பதையும் நினைவுகூர வேண்டும்.

வேட்பாளர்கள் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று 2002 மே 2-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. எந்த நீதிமன்றத் தீர்ப்பு இருப்பினும், சட்டத்தில் சொல்லப்பட்டதற்கு மேல் எந்த விவரத்தையும் வேட்பாளர் தர வேண்டியதில்லை என்று புதிய 33பி பிரிவு கூறியது. 2003 மார்ச் 13-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 2004 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்கள் இந்த விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தனர். இதில் உண்மையை மறைத்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க 125ஏ பிரிவு இடமளிக்கிறது.

மாநிலங்களவையில் உறுப்பினர்களின் பொருளாதாரத் தொடர்புகளுக்கெனத் தனிப் பதிவேடு உண்டு. ஊதியம் பெறும் இயக்குநர் பதவி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள், கட்டண ஆலோசனை முதலியவற்றை அதில் தெரிவிக்க வேண்டும். தமிழில் ஆர்வம் வேறு, ஆதாயம் வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல் குறிக்கும். முதலாவதை உறுப்பினர் தாமாகச் சொல்கிறார். இரண்டாவதைச் சொல்ல வைக்க விதி தேவைப்படுகிறது.

கைக்கடிகாரக் கணக்கு

அப்படியானால் வேட்பாளருக்கு அந்தரங்கம் என்பதே கிடையாதா? இந்தக் கேள்விக்கு 2024 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் விடை அளித்தது. அருணாசலப் பிரதேசத்தின் தேஜு தொகுதியில் 2019-ல் வென்ற கரிகோ கிரி, மனைவி, மகன் பெயர்களில் பதிவாகியிருந்த மூன்று வாகனங்களைப் பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிடவில்லை என்று கூறி, அவரது வெற்றியை குவாஹாட்டி உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்தது. அந்த வாகனங்கள் முன்பே கைமாறிவிட்டதை ஏற்ற உச்ச நீதிமன்றம், அவரது வெற்றியை உறுதி செய்தது.

வேட்பாளரின் ஒவ்வோர் அசையும் பொருளையும் அறிந்துகொள்ளும் முழு உரிமை வாக்காளருக்கு இல்லை என்றும், தேர்தலுக்குத் தொடர்பற்றவற்றில் வேட்பாளருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்றும் நீதிபதிகள் கூறினர். இதை விளக்க அவர்கள் எடுத்துக்காட்டியது கைக்கடிகாரத்தை. வீட்டில் ஆளுக்கொரு சாதாரணக் கடிகாரம் இருந்தால் அதை எழுத வேண்டியதில்லை. விலை உயர்ந்த கடிகாரங்களைப் பலவாகச் சேர்த்து வைத்திருந்தால், அது ஆடம்பர வாழ்வைக் காட்டும் சொத்தாகிறது; அதை எழுதியே ஆக வேண்டும்.

கடிகாரம் சேகரிப்பது ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். எந்த இடத்தில் அது வாக்காளர் அறிய வேண்டிய செய்தியாகிறது என்பதற்கு நீதிமன்றம் வகுத்த எல்லை இது. அதற்கு இப்பால் உள்ள கவிதையும் வானொலியும் உறுப்பினர் விருப்பப்படி சொல்பவை. அப்பால் உள்ளவை விரும்பாவிட்டாலும் சொல்ல வேண்டியவை. தோட்டம் வளர்ப்பதில் ஆர்வம் என்று எழுதியவர் எத்தனை ஏக்கருக்குச் சொந்தக்காரர் என்பதை முதல் குறிப்பு சொல்லாது. பிரமாணப் பத்திரம் சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வேலை வாக்காளருடையது.